லெயாதாவும் அறுநூறு கோழிங்களும்

காலையில எழுந்து, கோகோ குடிக்கிறதுக்கு முன்னாடி, லெயாதா போய்ப் பாக்குறது கோழிப் பீயைத்தான். முட்டையெல்லாம் அப்புறம். முட்டை நேத்தைய சேதி, பீதான் இன்னைய சேதின்னு சொல்லுவா. இடுப்புல சுத்தியிருக்குற லாவலாவாத் துணியை முட்டிக்கு மேல இழுத்துச் செருகிட்டு, கொட்டகைத் தரையில குந்தி, கீழ பரப்பியிருக்குற தேங்கா நார்த்தூளை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பா. கையைத் திறந்தா அது பொலபொலன்னு உதிரணும். அஞ்சு வாரமா உதிரல. பிசைஞ்ச மாவு மாதிரி கையிலயே உருண்டையா உக்காந்திருந்துச்சு. வாடை கண்ணுல தண்ணி வர வச்சுச்சு.

அந்தக் கொட்டகைக்கு நேர் எதிர்ல, அம்பது அறுவது தப்படியில, ஊர் எட்டு வருஷம் வேர்வை சிந்திக் கட்டின புது சர்ச். திறப்பு விழாவுக்கு இன்னும் நாலு வாரம்தான்.

லெயாதாவுக்கு அப்ப நாப்பத்தொம்போது வயசு. சமோவா நாட்டுல, உபோலு தீவோட தெக்குக் கரையில பொறந்து, அங்கயே கட்டிக்கிட்டு, அங்கயே இருக்குறவ. ஆனா பதினெட்டுலேர்ந்து நாப்பது வயசு வரைக்கும் அவ பகல் பொழுதை ஊர்ல பாத்ததில்ல. விடியறதுக்குள்ள மரப் பலகை பஸ்ஸுல ஏறி, மலையைத் தாண்டி, தலைநகரம் ஆபியா பக்கம் இருந்த ஒரு சட்டை தைக்கிற ஆலைக்குப் போவா. இருட்டினப்புறம் திரும்புவா. இருவத்திரெண்டு வருஷம் இதே கதை. கடைசிப் பத்து வருஷம் பரிசோதனை மேசையில இருந்தா. தையல் சுருங்கினா எதனால சுருங்குதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. ஊசியா, நூலா, இறுக்கமா, துணியா? புதுசா வந்தவங்க நாலையும் ஒண்ணா மாத்திடுவாங்க. தையல் நேராயிடும். எது நேராக்குச்சுன்னு யாருக்கும் தெரியாது. மறுநாள் திரும்பச் சுருங்கும். லெயாதா ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்துவா. மத்ததைத் தொட மாட்டா. பக்கத்துல நின்னு யாரு அவசரப்படுத்தினாலும் தொட மாட்டா.

சங்கம், தீர்மானம் எதுவும் அவ படிச்சதில்ல. ஆலையில கக்கூஸ் போக ஒரு மர டோக்கன் இருந்துச்சு, நாப்பது பேருக்கு ஒண்ணு. ஒரு நாள் லெயாதா அதை ஆணியிலேர்ந்து எடுத்துக்கிட்டுக் கெளம்பினா. மீதி முப்பத்தொம்போது பேரும் எழுந்து அவ பின்னாடி வரிசையா வந்து நின்னாங்க. யாரும் வாயைத் திறக்கல. மெஷினெல்லாம் இருவது நிமிஷம் சும்மா கெடந்துச்சு. மறுநாள் ஆணியில ஆறு டோக்கன் தொங்குச்சு. நோட்டீஸ் அடிச்சு, கூட்டம் போட்டு, தொண்டை கிழியப் பேசியும் நடக்காத காரியம் அது.

அப்புறம் ஒரு நாள் ஆலையையே மூடிட்டாங்க. ஆளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு துண்டு கேக்கு. ஊர்ப் பொம்பளைங்க பன்னெண்டு பேரு கேக்கைக் கையில ஏந்திக்கிட்டு ஒரே பஸ்ஸுல திரும்பினாங்க. நியூசிலாந்து போய் ஆப்பிள் பறிக்கலாமான்னு ஒருத்தி கேட்டா. அமெரிக்கன் சமோவாவுல மீன் ஆலையில ஆள் எடுக்குறாங்களான்னு இன்னொருத்தி கேட்டா.  மலை உச்சியில பஸ் மூச்சு வாங்க நின்னப்ப லெயாதா சொன்னா.

"ஆளுக்கு அம்பது கோழி. ஒரே கொட்டகை. சேந்து வளப்போம். நமக்கு மேல சூப்பர்வைசர் கிடையாது."

மசினா, பக்கத்து மெஷின்ல பத்து வருஷம் தைச்சவ, கேக்கை மென்னுக்கிட்டே கேட்டா: "கோழி கக்கூஸுக்கு டோக்கன் உண்டா?"

இப்படித்தான் ஆரம்பிச்சது. மகளிர் கமிட்டி கடலோரமா இருந்த பழைய கொப்பரை காய வைக்கிற கொட்டகையைக் குடுத்துச்சு. நியூசிலாந்துலேர்ந்து கப்பல்ல தீனி மூட்டை வந்துச்சு. ஒம்போது வருஷம் குறை சொல்ல ஒண்ணுமில்ல. பன்னெண்டு பேர்ல ஒருத்தி கூட ஊரை விட்டுப் போகல. அதுதான் லெயாதாவுக்குப் பெரிசு. மகள் ஆக்லாந்துலேர்ந்து வாரா வாரம் போன் போட்டு, வந்து பேரப்பிள்ளையைப் பாத்துக்கம்மான்னு கூப்பிடுவா. கோழிக்கு யாரு தீனி போடுறதுன்னு கேட்டு லெயாதா போனை வச்சிடுவா.

அந்த வருஷம் கப்பல் தடம் மாறுச்சு. மாசம் ஒண்ணு வந்த கப்பல் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணாச்சு, அதுலயும் பாதி மூட்டைதான். இருக்குறதை இழுத்துப் புடிக்க என்ன பண்ணலாம்னு பாத்தாங்க. பக்கத்து ஊர்ல தேங்கா எண்ணெய் ஆலை. எண்ணெய் எடுத்தப்புறம் புண்ணாக்கு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. பன்னிக்குப் போட்டது போக மீதியை யாரும் சீந்துறதில்ல. நாலு மூட்டை கப்பல் தீனிக்கு ஒரு மூட்டை புண்ணாக்குன்னு கலந்தாங்க. கோழி ஆசையாத் தின்னுச்சு. ரெண்டு வாரத்துல பீ பசையாச்சு. தரை சேறாச்சு. ஈ வந்துச்சு. முட்டை மேல அழுக்கு ஒட்டி, ஆபியா கடைக்காரன் பாதியைத் திருப்பி அனுப்பிச்சான்.

லெயாதா பஸ் ஏறி வேளாண் ஆபீசுக்குப் போனா. அங்க இருந்த அம்மா பொறுமையா சொன்னாங்களாம்: புண்ணாக்குல ஒரு மாதிரி சர்க்கரை இருக்கு, கோழிக் குடல்ல போனா அது கூழா ஆயிடுது, அதை உடைக்கிற சரக்கு கோழி வயித்துல கிடையாது. வெளியிலேர்ந்து குடுக்கணும். அதுக்கு என்சைம்னு ஒரு பொடி வருது. கொஞ்சம்தான் போடணும், ஆனா எல்லாப் பக்கமும் சமமாப் பரவணும். முதல்ல புண்ணாக்குல நல்லாக் கலந்துக்க, அப்புறம் மத்த தீனியோட சேரு. டப்பாவைக் குளிர்ச்சியான எடத்துல வை, சூடு பட்டா வீணாப் போயிடும்.

டப்பாவை எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. ஊர்ல நல்லா வேலை செய்யுற ஃபிரிட்ஜ் பாஸ்டர் வீட்டுல இருக்கு. பாஸ்டர் பொண்டாட்டி கிட்ட அனுமதி வாங்கி, வெண்ணெய்க்குப் பக்கத்துல வச்சாங்க. சனிக்கிழமை கலக்குற நேரத்துல மசினா அதை ஈரத்துணியில சுத்தி, கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டு வருவா. அளந்து போட்டதும் ஓட்டமா ஓடி திரும்ப உள்ள வச்சிடுவா.

ஏன் சனிக்கிழமைன்னா, ஞாயித்துக்கிழமை ஊர்ல வேலை கிடையாது. கோழிக்குத் தீனி வைக்கலாம், தண்ணி வைக்கலாம், முட்டை பொறுக்கலாம். மூட்டை தூக்குறது, மம்பட்டி புடிக்கிறது, கலக்குறது கூடாது. திங்கள்லேர்ந்து தேவைப்படுறது சனி சாயங்காலம் ஜெபச் சங்கு ஊதறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். ஆலையும் அப்படித்தான். சனி மத்தியானத்தோட செக்கை நிறுத்திடுவாங்க. அதனால லெயாதா புருஷன் மதாயோ ஒரு மணிக்கு வண்டியை எடுத்துட்டுப் போய், ஆலையில வேலை பாக்குற சியாகி கிட்ட அன்னைக்கு விழுந்த புண்ணாக்கை நாலு மூட்டை வாங்கிட்டு வருவான். வந்ததும் மூட்டையைப் பிரிச்சு, பொடி பறக்காம இருக்க நாலு கை தண்ணி தெளிச்சு, பொடியைக் கலந்து, திரும்ப வாயை இறுக்கிக் கட்டி வச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை பூரா நல்லா ஊறட்டும்னு நெனப்பு.

மூணு வாரம் இப்படிப் போட்டாங்க. தரை காயல. அளவைக் கூட்டிப் பாத்தாங்க. அதுக்கும் காயல.

இப்ப ஃபுவாதினோவைப் பத்திச் சொல்லணும். மகளிர் கமிட்டித் தலைவி, பெரிய தலைக்கட்டுக்காரர் பொண்டாட்டி, அறுவத்தாறு வயசு. கெட்டவங்க இல்ல. ஊர்ல டைபாய்டு வராம இருக்குதுன்னா பாதி அவங்களாலதான். மாசம் ஒருக்கா சீருடை போட்ட பத்துப் பொம்பளைங்களோட வீடு வீடா சோதனைக்கு வருவாங்க. கக்கூஸ், தண்ணித்தொட்டி, பாய், படுக்கை எல்லாம் பாப்பாங்க. சோதனைன்னா ஊரே ஒரு வேலை பண்ணும்: பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்குற புதுப் பாயை எடுத்து அழுக்குப் பாய் மேல விரிச்சிடும். ஃபுவாதினோவுக்குத் தெரியாதா? அவங்களும் மருமகளா இருந்தப்ப அதைப் பண்ணினவங்கதான். அதுக்குத்தான் கையில பிரம்பு. மேல் பாயை நுனியில தூக்கி அடிப் பாயைப் பாப்பாங்க.

கமிட்டிக் கூட்டத்துல அவங்க நேராவே கேட்டாங்க. "லெயாதா, என் வீட்டுக் கோழி குஞ்சுலேர்ந்து தேங்காதான் தின்னுது. நான் எந்தப் பொடியும் குடுத்ததில்ல. ஒரு கோழிக்கும் பின்னாடி ஒட்டினதில்ல. உனக்கு மட்டும் ஏன்?"

"உங்க கோழி நாள் பூரா ஊர் சுத்துதுங்கம்மா. புழு திங்குது, புல்லு திங்குது, பாஸ்டர் தோட்டத்தையும் திங்குது. எங்களுது உள்ள அடைஞ்சு கெடக்கு. நாங்க போடுறதைத்தான் திங்கும்."

பொம்பளைங்க சிரிச்சாங்க. ஃபுவாதினோ சிரிக்கல. சர்ச் சன்னலைத் திறந்தா வாடை பீடம் வரைக்கும் வருது, பதினாலு ஊர்லேர்ந்து விருந்தாளி வர்றாங்க, ஊர் மானம் என்ன ஆகும்னு கேட்டாங்க. அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. லெயாதாவும் சொல்லல.

"திறப்பு சனிக்கிழமை. அதுக்கு முந்தின புதன்கிழமை நான் கொட்டகைக்கு வருவேன். தரை காஞ்சிருந்தா கோழி இருக்கட்டும். ஈரமா இருந்தா அறுநூறும் விருந்துக்குக் கல் அடுப்புல வேகட்டும். கொட்டகையைக் கழுவிப் பூட்டிடலாம்."

கூட்டம் ஒத்துக்கிச்சு. அறுநூறு கோழி போனா பன்னெண்டு பொம்பளைங்க ஆளுக்கொரு திசையில போவாங்கன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். மசினா மகன் ஏற்கெனவே அவளுக்கு நியூசிலாந்து விசா பாரத்தை வாங்கி வச்சிருந்தான். லெயாதா வீட்டுக்கு வந்து தாரோ கிழங்கை ஒரு வாய் கடிச்சுட்டுத் தட்டைத் தள்ளி வச்சா. மதாயோ தேத்துறேன்னு நெனச்சு, நம்ம கோழியெல்லாம் கிழடு, எந்த அடுப்புலயும் வேகாது, விருந்தாளி பல்லுதான் போகும்னான். அவ எழுந்து போயிட்டா.

அடுத்த வாரம் பொடி அளவை ரெண்டு மடங்காக்கினாங்க. ஒண்ணும் அசையல. டப்பாவுல இருக்குறது சுண்ணாம்போன்னு கூட ஒருத்தி சந்தேகப்பட்டா.

அதுக்கடுத்த வாரம் ஆலை முதலாளி வீட்டுல ஒரு சாவு. வியாழன்லேர்ந்து ஆலைக்கு லீவு. மதாயோ வெறும் வண்டியோட திரும்பி வர மனசில்லாம சியாகியைக் கேட்டான். பின்சுவர் ஓரமா மூணு வாரமா யாரும் எடுக்காத மூட்டை கெடந்துச்சு, அதுல நாலைத் தூக்கிட்டு வந்தான். லெயாதா ஒவ்வொண்ணையும் பிரிச்சு மோந்து பாத்தா. பூஞ்சை வாடை இல்ல. சரின்னு வழக்கம் போலப் பொடி கலந்து கட்டி வச்சாங்க.

அடுத்த வியாழக்கிழமை காலையில அவ தரைக் கூளத்தை அள்ளிப் பிடிச்சுத் திறந்தா. உருண்டை நின்னுச்சு, அப்புறம் நடுவுல விரிசல் விட்டுச்சு. வெள்ளிக்கிழமை பாதி உதிர்ந்துச்சு. பொம்பளைங்களுக்குக் கால் தரையில நிக்கல. பாஸ்டர் ஜெபம்னு ஒருத்தி சொன்னா, காத்து தெக்கே திரும்பியிருக்குன்னு ஒருத்தி, ரெண்டு மடங்கு பொடி இப்பத்தான் வேலை செய்யுதுன்னு ஒருத்தி. மசினா, எதுவா இருந்தா என்னடி, காஞ்சுச்சே, வாயை மூடிக்கிட்டுச் சாமியைக் கும்பிடுன்னா.

லெயாதாவுக்குச் சந்தோஷம் வரல. அவளுக்கு இது ஆலையில பாத்த விஷயம். எது நேராக்குச்சுன்னு தெரியாத தையல் மறுநாள் சுருங்கும்.

சனிக்கிழமை ஆலை திறந்துச்சு. அன்னைக்கு அவளும் வண்டியில கூடப் போனா. மதாயோ மூட்டையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பழைய லாவலாவாவை நாலா மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டான். முதல் மூட்டையை ஏத்திட்டு வந்து, "தோள் வேகுது"ன்னான்.

வாரா வாரம் அதைத்தான் சொல்லுவான். கல்யாணம் ஆகி இருவத்தாறு வருஷம், அவன் தோள், முதுகு, முட்டி எதையாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பான், இவ காதுல வாங்கினதில்ல. அன்னைக்கு வாங்கினா.

"யோவ். போன வாரமும் சொன்னியா?"

"என்னன்னு?"

"தோள் வேகுதுன்னு."

மதாயோ யோசிச்சான். "போன வாரம் வேகல. போன வாரம் நல்ல மூட்டை. சில்லுனு இருந்துச்சு."

லெயாதா மூட்டை வாயைப் பிரிச்சு, கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டா. விட்ட வேகத்துல இழுத்துக்கிட்டா. மேல வெதுவெதுப்பு, நடுவுல கல் அடுப்பைத் திறந்த மாதிரி ஆவி. சியாகியைக் கூப்பிட்டுக் கேட்டா. இது என்ன புதுசா, செக்குலேர்ந்து விழுறப்ப கை வைக்க முடியாது, மூட்டையில கட்டினா நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சூடு போகாது, மழைக்காலத்துல எங்க வீட்டு நாய் அது மேலதான் படுக்கும்னு அவன் சாவகாசமா சொன்னான்.

லெயாதா ஆலைப் படிக்கட்டுல உக்காந்துட்டா. சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பொடியைப் பாஸ்டர் ஃபிரிட்ஜுல வச்சு, ஈரத்துணியில சுத்தி, ஓட்டமா ஓடிக் காப்பாத்தினாங்க. காப்பாத்தி, கொதிக்கிற மூட்டைக்குள்ள கொட்டி, தண்ணி தெளிச்சு, வாயைக் கட்டி, ஆண்டவரோட ஓய்வுநாள் பூரா வேக வச்சாங்க.

மணி அப்ப ரெண்டு. சங்கு ஆறு மணிக்கு. நாளைக்குத் தொட முடியாது, திங்கக்கிழமை காலையில கோழிக்குத் தீனி வேணும். ஆற வைக்கணும்னா பரப்பணும். முந்தின ராத்திரி மழை, மண்ணு பூரா ஈரம். ஊர்ல காஞ்ச, தட்டையான எடம் ஒண்ணே ஒண்ணுதான்: மைதானத்து நடுவுல கிரிக்கெட் ஆடுற சிமெண்டுத் தளம். அதுல ஊர்ப் பசங்களுக்கும் பக்கத்து ஊர்க்காரங்களுக்கும் ஆட்டம் உச்சத்துல நடந்துக்கிட்டிருந்துச்சு.

மதாயோ வண்டியைக் கொண்டு போய் விக்கெட்டுக்குப் பக்கத்துல நிறுத்தினான். பன்னெண்டு பொம்பளைங்க விளக்குமாறோட எறங்கினாங்க. அணித் தலைவன், மட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, "அக்கா, இது பிட்ச்சுக்கா"ன்னான்.

"தெரியும்டா தம்பி. ஒரு மணி நேரம். டீ இடைவேளைன்னு வச்சுக்க."

"நாங்க டீ குடிக்கிறதில்லக்கா."

"இன்னைக்குக் குடி."

தோத்துக்கிட்டிருந்தது நம்ம ஊர்தான், அதனால பெருசா யாரும் சண்டைக்கு வரல. பொம்பளைங்க புண்ணாக்கை விரல் கனத்துக்குப் பரப்பி, விளக்குமாத்தால கிளறி விட்டாங்க. ஆவி எழும்பிச்சு. மைதானம் பூரா தேங்கா வாசம். ஃபுவாதினோ தன் வீட்டு வாசல்ல நின்னு பாத்தாங்க, உள்ள போனாங்க, திரும்ப வந்து பாத்தாங்க. 

நாலு மணிக்கு லெயாதா புறங்கையை வச்சுப் பாத்தா. சில்லுனு இருந்துச்சு. டப்பா வந்துச்சு. கலந்தாங்க.

ஒரு அரை மூட்டையை மட்டும் அவ பரப்ப விடல. அதை வண்டியிலயே சூடாக் கட்டி வச்சிருந்தா. அதுலயும் அதே அளவு பொடி, அதே நாலு கை தண்ணி. மசினாவுக்குப் புரிஞ்சதும் கோவம் வந்துடுச்சு.

"உனக்கு கிறுக்கா புடிச்சிருக்கு? ரெண்டு வாரத்துல அவங்க பிரம்போட வர்றாங்க. வேணும்னே ஒரு பக்கத்தைச் சேறாக்குவியா?"

"மூலையில இருக்குற என் அம்பது கோழிக்கு மட்டும்தான். உங்க யாரோடதும் இல்ல."

"எதுக்கு?"

"சூடுதான் காரணம்னு தெரிஞ்சா இனிமே அது நம்ம கையில. தெரியலன்னா, அடுத்த தடவை ஈரமாகுறப்ப நீ பாஸ்டரைத் தேடுவ, இவ காத்தைத் தேடுவா."

மசினா அன்னைக்கு அவகிட்ட அப்புறம் பேசல. ஆனா சங்கு ஊதறப்ப மூட்டையைக் கட்டி முடிச்சதும் அவதான்.

திங்கக்கிழமை கொட்டகை பூராவும், மூலையையும் சேத்து, பழைய கூளத்தை வாரிட்டு புது நார்த்தூள் போட்டாங்க. ஆளுக்கு ஒண்ணாத் தடுத்திருந்த பன்னெண்டு கூண்டுக்கும் ஒரே நாள், ஒரே கூளம். தினம் ஒரே மாதிரி கிளறி விட்டாங்க. அடுத்த சனிக்கிழமை மைதானத்துல திரும்பப் பரப்பினாங்க. இந்தத் தடவை ஆட்டக்காரங்களே பாதி மூட்டையைப் பிரிச்சுக் குடுத்தானுங்க. மூலைக்கு மட்டும் சூட்டு மூட்டை. பதினோரு கூண்டுல பீ கட்டியா விழுந்து கூளத்தோட காஞ்சு பொடிஞ்சுச்சு. மூலைக்கூண்டு நாலாம் நாளே வழவழன்னு ஆயிடுச்சு. லெயாதாவோட அம்பது கோழியும் வால்ல கோந்து தடவின மாதிரி திரிஞ்சுதுங்க. பாக்க அவளுக்கே பாவமா இருந்துச்சு.

புதன்கிழமை கமிட்டி வந்துச்சு. நீலச் சீருடை, முன்னாடி ஃபுவாதினோ, கையில பிரம்பு. பன்னெண்டு பேரும் வரிசையா நின்னாங்க. லெயாதா முதல் கூண்டைத் திறந்து விட்டா. ஃபுவாதினோ அதைத் தாண்டி நேரா கடைசிக்குப் போனாங்க. சோதனைன்னா மூலையிலதான் எல்லாரும் ஒளிப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியாததா? மூலைக்கூண்டுக் கதவைத் தானே திறந்து காலை வச்சாங்க. வெள்ளைச் செருப்பு கணுக்கால் வரைக்கும் எறங்குச்சு.

 மசினா கண்ணை மூடிட்டா.

ஃபுவாதினோ காலை எடுத்து, செருப்பைப் பாத்து, லெயாதாவைப் பாத்தாங்க. "கல் அடுப்புக்கு விறகு சொல்லிடவா?"

"மத்த கூண்டையும் பாத்துடுங்கம்மா. அப்புறம் சொல்லுங்க."

பாத்தாங்க. பதினோரு கூண்டையும் பாத்தாங்க. காஞ்ச தரை, நடந்தா சரசரங்குது, ஈ இல்ல. கூட வந்தவங்க முகம் மாறுச்சு. ஃபுவாதினோ முகம் மாறல. "நேத்து புதுக் கூளம் போட்டிருக்கீங்க"ன்னாங்க. "அழுக்குப் பாய் மேல புதுப் பாய். மூலைக்குப் பத்தாமப் போச்சு, அவ்வளவுதான்."

அந்த ஊர்ல யாரா இருந்தாலும் அதைத்தான் நெனப்பாங்க.

"பிரம்பை விட்டுக் கிளறிப் பாருங்கம்மா. அடி வரைக்கும்."

ஃபுவாதினோ கிளறினாங்க. மேலேர்ந்து தரை வரைக்கும் பத்து நாள் பீ கலந்து, கருத்து, காஞ்சு, பொலபொலன்னு வந்துச்சு. பழசு. ஆனா காஞ்ச பழசு. மூலைக்குப் போய் அங்கயும் கிளறினாங்க. அதே கருப்பு, அதே பழசு, பிரம்பு நுனியில பசையா ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"ரெண்டும் ஒரே நாள் போட்டது"ன்னா லெயாதா. "ஒரே கோழி, ஒரே தீனி, ஒரே பொடி. இந்த மூலைக்கு மட்டும் புண்ணாக்கைச் சூட்டோட கலந்தோம். சூட்டுல பொடி வெந்து செத்துடுது. மத்ததுக்கு ஆற வச்சுக் கலந்தோம். நீங்க அன்னைக்கு மைதானத்துல பாத்தது அதைத்தான்."

ஃபுவாதினோ பிரம்பைக் கீழ இறக்கினாங்க. "தெரிஞ்சேதான் இந்த மூலையை இப்படி விட்டியா? நான் வர்றேன்னு தெரிஞ்சும்?"

"ஆமாங்கம்மா. எல்லாம் காஞ்சிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

அப்பத்தான் ஃபுவாதினோ சிரிச்சாங்க. வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்க, சீருடைக்காரப் பொம்பளைங்க என்ன பண்றதுன்னு தெரியாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குற அளவுக்குச் சிரிச்சாங்க. நாப்பது வருஷத்துல எனக்குன்னு அழுக்குப் பாயை எடுத்து வெளியில விரிச்சவ நீ ஒருத்திதான்னாங்க. அப்புறம் குரல் பழையபடி ஆயிடுச்சு. "கோழி இருக்கட்டும். இந்த மூலை வெள்ளிக்கிழமைக்குள்ள காயணும். என் செருப்பை நீ கழுவித் தரணும்."

மசினா போய் கழுவிட்டு வந்தா. யாரும் கேக்காமலே.

விருந்துக்குக் கோழிக்குப் பதிலா ஐநூறு முட்டை குடுத்தாங்க, அவிச்சு, தொடைச்சு, சுத்தமா. இப்ப புண்ணாக்கு வியாழக்கிழமையே வந்துடுது, ரெண்டு நாள் பரப்பிக் கெடக்கு, சனிக்கிழமை ஆட்டக்காரங்களுக்கு இடைஞ்சல் இல்ல. மதாயோவுக்குத் தோள் வேகுறதில்ல. முட்டி வலிக்குதுங்கிறான். லெயாதா அதை ஒரு காதுல வாங்கி வைக்கிறா.

திறப்பு அன்னைக்குப் பிரசங்கம் ரெண்டரை மணி நேரம். பதினாலு ஊர் சனமும் வெள்ளை உடுப்புல நெருக்கியடிச்சு உக்காந்திருந்துச்சு. நல்ல வெயில். கொட்டகைப் பக்கத்துச் சன்னல் எட்டும் திறந்திருந்துச்சு, கடல் காத்து உள்ள வந்துக்கிட்டிருந்துச்சு, அதுல உப்பு வாசத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. லெயாதா மூணாவது வரிசையில, பத்து வாரத் தூக்கத்தையும் சேத்து வச்சு, வாயைத் திறந்துக்கிட்டு தூங்கினா. மசினா இடிச்சு எழுப்பப் போனா. பின் வரிசையிலேர்ந்து ஃபுவாதினோ பனையோலை விசிறியை நீட்டி அவ கையைத் தட்டி விட்டாங்க.

"விடுடி, தூங்கட்டும்"னாங்க.